மணற்கல் வரிசை, வண்டல் வரிசை

மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும், மற்றவர்கள் சொந்த ஊரைக் கேட்பார்கள், வேலையைக் கேட்பார்கள், வாடகையைச் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். மேற்கு வரிசையில் இருந்த அவர் மட்டும் எதையும் கேட்டதில்லை. பால் காய்ச்சிய அன்று மாலையே கையில் டேப்லெட்டோடு வாசலில் வந்து நிற்பார். அந்த வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வார். மேற்கு வரிசை வீடு என்றால், “மணற்கல். நல்ல எடத்துக்கு வந்திருக்கீங்க” என்னும்போது குரலில் ஒரு வாழ்த்து இருக்கும். கிழக்கு வரிசை என்றால், “வண்டல்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் தலைகுனிந்து நிற்பார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்படி நிற்பதுண்டு.

என் வீடு கிழக்கு வரிசை.

அவருக்குப் பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ‘செக்போஸ்ட்’ என்றால்தான் தெரியும். ஓய்வு பெறும் வரை கலால் துறையில், எல்லைச் சோதனைச் சாவடிகளில் நின்றவர். நெடுநெடுவென்ற உருவம். வேலையை விட்ட பிறகும் காக்கி நிறக் கால்சட்டையை விடவில்லை. பேசும்போது வலது கை தானாகப் பாதி உயர்ந்து நிற்கும், வரும் வண்டியை நிறுத்துவதுபோல. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்துத்தான் பேசுவார். இப்போது மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். அவர் போனது ஒரு வியாழக்கிழமை, ஐப்பசி, அடைமழை. லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது, சென்னையில் தான் போகும் வீடு எதன்மேல் நிற்கிறது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் துவானில், அதாவது சுங்கத்தில், கடைநிலை ஊழியராக இருந்தவராம். அப்பா துணியையும் தங்கத்தையும் தடுத்தார், மகன் பாட்டிலைத் தடுத்தார். குடும்பத் தொழில் என்று அவரே சொல்லிக்கொள்வார். பிறந்த வீடு எல்லையோரத்தில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்தின் கடைசி வீடு. வீடு புதுச்சேரியில் இருந்தது, அதன் மாட்டுக்கொட்டகை தமிழ்நாட்டில் இருந்தது. புயல் வந்தால் தெருவின் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லீவு, எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் குடையோடு பள்ளிக்கூடம் போவார்கள். ஒரே பாட்டில், இந்தப் பக்கம் இருந்தால் சரக்கு, நாலு எட்டு தள்ளி இருந்தால் குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து, அப்படிப்பட்ட இடத்திலேயே சம்பளம் வாங்கிய மனிதரிடம் கோடு என்பது ஒரு கற்பனை என்று யாரும் சொல்லிவிட முடியாது. “கோடுன்னா கோடுதான் சார்,” என்பார். “மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. தாண்டினாத்தான் தெரியும்.”

அவர் நேர்மையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருமுறை சாவடியில் ஒரு ஷேர் ஆட்டோ எல்லைமேலேயே நின்றுபோய்விட்டது. முன்சக்கரம் தமிழ்நாட்டில், பின்சக்கரங்கள் புதுச்சேரியில். பின்சீட்டுக்கு அடியில் பாட்டில்கள். கூட இருந்தவர்கள் ஓட்டுநரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். இவர் குனிந்து, சக்கரம் நின்ற இடத்தையும் பாட்டில் இருந்த இடத்தையும் பார்த்து, சரக்கு இன்னும் எல்லையைத் தாண்டவில்லை என்று தீர்ப்புச் சொன்னாராம். ஆட்டோவைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அந்த ஓட்டுநர் அவரை இன்னமும் தெய்வமாகக் கும்பிடுவதாகக் கேள்வி. கூட இருந்தவர்கள் கும்பிடவில்லை.

ஓய்வு பெற்ற ஆண்டில், முகம் பார்த்துப் பேசுவதற்காக மகள் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். முகம் பார்த்துப் பேசியது ஒரு வாரம். பிறகு, தான் நின்ற சாவடிகளில் எல்லையைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று வரைபடங்களைத் தேடப்போனார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவி, கடைசியில் பாறைகளின் வரைபடத்தில் போய் விழுந்தார். அரசாங்கத் தளம். நாடு முழுவதும் வண்ணம் வண்ணமாக விரிந்து கிடக்கும். ஓரத்தில் உள்ள கட்டங்களைத் தொட்டால் கனிமம், நிலத்தடி நீர், நிலப்பிளவு என்று ஒவ்வொரு அடுக்காக மேலே வந்து படியும். எந்த இடத்தில் விரலை வைத்தாலும் ஒரு பெட்டி திறந்து அங்குள்ள பாறையின் பெயரையும் வயதையும் சொல்லும்.

முதல் நாள் என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். நான் கல்வெட்டு படிக்கிறவன், தேதிகளில் பிடிப்புள்ளவன். ஒரு கல்வெட்டின் ஆண்டு பத்து வருடம் முன்பின் ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தப் பெட்டியோ கோடி ஆண்டுக் கணக்கில் ஒரு வயதைச் சொல்லிவிட்டு, ‘ஏறத்தாழ’ என்றது. எனக்குச் சற்று அவமானமாக இருந்தது. அவர் வயதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலை வைத்து விரித்தார். வண்ணங்கள் பெரிதாயின. மறுபடி விரித்தார். மூலக்குளம் வந்தது. மறுபடி விரித்தார். எங்கள் தெரு வந்தது. காவிக்கும் மஞ்சளுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, வடக்கிலிருந்து தெற்காக, எங்கள் தெருவின் நடுவிலேயே போயிற்று. மேற்கே மணற்கல், கிழக்கே வண்டல். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பிறகு பார்த்ததில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு மனிதருக்கு அவர் வீட்டு வாசலிலேயே மறுபடியும் ஓர் எல்லை கிடைத்திருந்தது.

படத்தின் மூலையில் அளவுகோல் இருந்ததை நான் சுட்டிக்காட்டினேன். படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரைக் கிலோமீட்டர். வரைந்தவர் பேனாவின் தடிமனுக்குள்ளேயே எங்கள் தெரு இரண்டு வரிசையோடும் சேர்ந்து அடங்கிவிடும். திரையில் விரித்தால் படம் பெரிதாகும், அளந்தவருக்குத் தெரிந்தது பெரிதாகாது. இதை முடிந்தவரை பொறுமையாகவே சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

“சார், கோடு தடியாவே இருக்கட்டும். அதுக்கு நடுன்னு ஒண்ணு இருக்கும் இல்ல?”

நான் அளவுகோலை மறுபடி தொட்டுக் காட்டினேன், அவர் கோட்டின் நடுவைத் தொட்டுக் காட்டினார்.

அதன்பிறகு அவரோடு வெளியே போவது சிரமமாயிற்று. பாகூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் உட்கார்ந்தபடியே கனிம அடுக்கைத் திறந்து, மணமகன் வீட்டு வயலுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று பக்கத்து இலைக்காரரிடம் காட்டினார். ரசம் வருவதற்குள் செய்தி பந்தியின் கடைசி இலைக்குப் போய்விட்டது. சுரங்கம் வரப்போகிறது, நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. மணமகனின் சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். “இருக்குன்னுதான் சொன்னேன், எடுக்கறாங்கன்னா சொன்னேன்?” என்று இவர் வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டு வந்தார். நோணாங்குப்பத்தில் படகில் போனபோது வேறு மாதிரி. கழிமுகத் தண்ணீருக்குப் படத்தில் பாறை வண்ணம் கிடையாது. வெறும் வெள்ளை. நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி அந்த வெள்ளையில் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு வியர்த்துவிட்டது. கரையில் இறங்கி, புள்ளி மஞ்சளில் ஏறும் வரை அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. செல்வி விஷயம் அப்படி இல்லை.

செல்வி எனக்கு அடுத்த வீடு. கிழக்கு வரிசை. வைத்திக்குப்பத்துப் பெண், இங்கே வாழ்க்கைப்பட்டவள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் இரண்டு கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருக்களும் அவள் மாவில்தான் காலையில் கண் விழிக்கின்றன. அவள் வீட்டுப் பழைய அடிபம்புத் தண்ணீர் இரண்டு கோடைக்கு முன் உப்பாகிவிட்டது. அதில் அரைத்தால் மாவு கரிக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் கிண்ணத்தோடு திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து கேன் தண்ணீர். இதற்கிடையே வில்லியனூர் சாலையில் ஒரு கடை பாக்கெட் மாவு விற்க ஆரம்பித்திருந்தது. கேன் தண்ணீரில் அரைத்து அதோடு போட்டிபோட முடியவில்லை. சொந்தத் தண்ணீர் வந்தால் மாவு உண்டு, வராவிட்டால் கிரைண்டரை விற்றுவிட்டு வைத்திக்குப்பத்துக்குப் போய் அம்மாவோடு மீன் கூடைக்கு முன்னால் உட்காரவேண்டியதுதான். கல்யாணத்தின்போது அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவள் அவள். மீன் விற்பதில் அவளுக்கு வெட்கமில்லை, அப்படித் திரும்பிப் போவதில்தான்.

ஆகவே ஆழமாக ஒரு போர் போடவேண்டும். மகளிர் குழுக் கடன் வரும். அது ஒரு போருக்குத்தான் வரும்; உப்பு வந்தால் இன்னொன்று கிடையாது. கேட்க வேண்டிய இடம் என்று அவள் நினைத்தது செக்போஸ்ட்டை. அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருந்தது, தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். மேற்கு வரிசையில் வேறு யாரும் போடவில்லை, கிழக்கு வரிசையிலும் யாரும் போடவில்லை. ஒரே ஒரு சாட்சி. அதுவும் அவர் பக்கம்.

“வேணாம்மா,” என்றார். “உங்க பக்கம் எவ்வளவு ஆழம் போனாலும் வண்டல்தான். உப்புதான். பணத்த மண்ணுல போடாதே.”

அவள் நம்பினாள். முதல் முறை குழுக் கடன் வந்தபோது வாங்காமல் விட்டுவிட்டாள். ஒரு கோடை கேனிலேயே போயிற்று.

மறு ஆண்டு மாசி மகத்துக்கு அவர் எங்களையெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஊர் ஊராக சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நின்றன. ஜனங்கள் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒவ்வொரு சுவாமியையும் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மயிலம் முருகன் கருங்கல்லிலிருந்து கிளம்பி, மணற்கல்லைத் தாண்டி, வண்டலில் இறங்கிக் குளிக்கிறார். சொல்லும்போது இவர் கை பாதி உயர்ந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் செல்வி தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எதுவும் கேட்கவில்லையாம், தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் மட்டும் விட்டாளாம். திரும்பி வரும் வழியில் செல்வி என்னிடம் இதைச் சொன்னாள். அந்த வாரமே குழுவில் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

போர் வண்டி வந்தது பங்குனியில், ஒரு திங்கட்கிழமை காலை. தெருமுனையில் திரும்பும்போதே அவர் நடுத்தெருவில் போய் நின்று கையை உயர்த்தினார். வண்டி நின்றுவிட்டது. அந்தக் கைக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தது. ஓட்டுநர் எட்டிப்பார்த்து, இங்கே என்ன பிரச்சினை என்றார். அவர் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார்.

நான் போவதற்குள் பேச்சு வேறு திசைக்குப் போயிருந்தது. செல்வி போர் போடக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. மேற்கே, தன் வீட்டு முன்வாசலில் அவள் போட்டுக்கொள்ளட்டும் என்றார். தனக்கு எதுவும் வேண்டாம், தண்ணீர் முழுக்க அவளுக்கே, தெருவின் குறுக்கே குழாய் போட்டுக்கொண்டு போகட்டும். முல்லைப் பந்தலைக்கூடப் பிரித்துவிடத் தயார். சொந்த வாசலை மண்ணும் சேறும் ஆக்கிக்கொள்ள எந்த மனிதர் இப்படி முன்வருவார்? ஏளனத்தோடு போய் நின்ற எனக்கு அதைக் கேட்டதும் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஓட்டுநருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. “யக்கா, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா சொல்லு. வில்லியனூர்ல இன்னொண்ணு நிக்குது.”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். படம் காட்டுவது பூமியின் மேல்தோலை மட்டும். வண்டல் என்பது மேலே போர்த்திய போர்வை மாதிரி, அதற்கடியில் மணற்கல் நீண்டு வந்திருக்கலாம். கோட்டின் தடிமனும் பெரிது. நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைவு. ‘கலாம்’ என்று முடியும் சொற்களை நிறையப் பயன்படுத்தினேன் என்பதும் நினைவு.

அவள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள், “சார், அவரு சொல்றதும் படத்தப் பாத்துத்தான், நீங்க சொல்றதும் அதே படத்தப் பாத்துத்தான். தண்ணி எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. அப்படித்தான?”

அப்படித்தான் என்றேன்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா குழாய் உங்க வாசல்ல இருந்துச்சுன்னா, நான் தெனம் காலைல செக்போஸ்ட் தாண்டித்தான் மாவரைக்கணும்.” பிறகு ஓட்டுநரிடம், “என் வாசல்லயே போடு. உப்பா இருந்தா எங்கம்மா பக்கத்துல எடம் இருக்கு.”

அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது தெருவில் அவள் ஒருத்திதான். அவர் கோபப்படவில்லை. கையை இறக்கி, வண்டிக்கு வழிவிட்டு, தன் வரிசைக்குப் போய், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். பகல் முழுக்க அங்கிருந்து அசையவில்லை. வண்டி இரைந்தது, வீடுகள் அதிர்ந்தன. முதலில் கறுப்புக் களிமண் வந்து தெருவில் வழிந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். செல்வி படியில் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். உச்சி திரும்பிய பிறகும் கறுப்புத்தான். அவள் கணவர் ஆட்டோவைக் கழுவுவது போல் பாவனை செய்துகொண்டிருந்தார். பிறகு சேற்றுக் குழம்பின் நிறம் மெல்ல மாறியது. பழுப்பு, பழுப்பில் மஞ்சள், கடைசியில் செம்மண் நிறத்தில் மணல். அவர் வீட்டில் போர் போட்ட காலத்தில் மிஞ்சிய மணல் அவர் வாசல் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கிடந்தது. இரண்டும் ஒரே நிறம்.

அவர் எழுந்து, தெருவைத் தாண்டி வந்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

“இது எங்க பக்கத்துக் கல்லாச்சே,” என்றார். “இங்க எப்படி வந்துச்சு?”

சரியான சோதனை இல்லாமல் உள்ளே விட்டிருக்கிறார்கள் என்ற தொனி அதில் இருந்தது.

மறுநாள் மாலை மோட்டார் இறக்கி ஓடவிட்டார்கள். கலங்கல் போய்த் தெளிய நேரமாயிற்று. செல்வி ஒரு சொம்பில் பிடித்தாள். தானும் குடிக்கவில்லை, கணவருக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை. தெருவைத் தாண்டிப் போய் அவரிடம் நீட்டினாள். அவள் அதை வீம்புக்குச் செய்ததாகத் தெரு பிறகு பேசிக்கொண்டது. அவளுக்குக் குடிக்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். வேறு யாராவது முதலில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னால் பொய் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்.

அவர் அண்ணாந்து குடித்தார். வாய்க்குள் வைத்திருந்து விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

“இனிப்பு,” என்றார்.

அவள் அங்கேயே, நடுத்தெருவில், கோடு போவதாக அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் வந்து தூக்கிவிட்டார். யாரோ சிரித்தார்கள், அவளும் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

அவர் உள்ளே போய் டேப்லெட்டோடு வந்தார். செல்வியின் வாசலில் நின்று விரலால் விரித்தார், சுருக்கினார், மறுபடி விரித்தார். நீலப்புள்ளி அங்கும் இங்குமாக நடுங்கிக்கொண்டிருந்தது. மொட்டைமாடிக்குப் போகலாமா என்று கேட்டார். அவள் படியைக் காட்டினாள். மாடியில் நான்கு மூலையிலும் நின்று பார்ப்பது கீழிருந்து எங்களுக்குத் தெரிந்தது. தவறு என்று ஒத்துக்கொள்ளப்போகிறார் என்று நான் நினைத்தேன். ஒத்துக்கொண்டால் என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

இறங்கி வந்தவரின் முகம் தெளிவாக இருந்தது.

“கோடு கொஞ்சம் நகந்திருக்கு,” என்றார். “அப்டேட் பண்ணியிருப்பானுங்க. உன் வீட்டச் சுத்திக்கிட்டுப் போவுது. நீ இப்ப எங்க பக்கம்மா.”

நான் டேப்லெட்டை எட்டிப் பார்த்தேன். கோடு தெருவின் நடுவில், முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

செல்வி அதைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. “அப்போ சார் வீடு?” என்று கேட்டாள்.

அவர் என் பையைப் பார்க்காமல், முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். உண்மையான வருத்தம் இருந்தது அந்தப் பார்வையில்.

“சார் வீடு அந்தப் பக்கம்தான்ம்மா இருக்கு. நான் என்னா செய்யட்டும்?”

செல்வி உள்ளே போய், கிரைண்டரில் அரிசியைக் கொட்டினாள்.